திறப்பு விழாவுக்கு முன்பே குடியேறியவர்கள்

நான் சேர்ந்த வருடம் எங்கள் அரசுக் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூடக் கிடையாது. கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்வரிசை அறைகளை ஒதுக்கியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் மதியம் பையைத் தூக்கிய பிறகு நாங்கள் உள்ளே போவோம். ஆறாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கால்குலஸ் படித்தோம். தமிழ், ஆங்கிலம், வணிகவியல், கணிதம் எல்லாம் இருந்தன. கணினி அறிவியலும் இருந்தது, கணினிதான் வரவில்லை. அந்த ஆசிரியர் விசைப்பலகையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்.

சுருளிப்பட்டியில் திராட்சை போட்டிருந்த அப்பாவுக்கு இது பெரிய அவமானம்.

“தேனியில தனியார் காலேஜுல சேத்துவிடுறேன் ஆத்தா. பஸ்ஸு வாசலுக்கே வரும். ஒம் மக எங்க படிக்கிதுன்னு கேக்குறாக. பள்ளிக்கூடத்துக்குள்ளன்னா சொல்ல முடியும்?”

“அரசாங்கக் காலேஜுல மார்க் வாங்கிச் சேந்திருக்கான்னு சொல்லுங்கப்பா.”

நான் கணிதத்தை விடவில்லை. அந்தக் கல்லூரியையும் விடவில்லை.

எங்களுக்கென்று கட்டிய கட்டடம் ஊருக்கு வெளியே வெள்ளையடித்துத் தயாராக நின்றது. சாவியைக் கல்லூரி முதல்வரிடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பெரிய விருந்தினர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டும்வரை யாரும் உள்ளே போகக் கூடாதாம். அவருக்குத் தேதி கிடைக்கவில்லை. ஐப்பசி மழையில் பள்ளிக்கூட ஓடுகள் ஒழுகி எங்கள் அறைகளில் தண்ணீர் நின்றது. மறு உத்தரவு வரும்வரை கல்லூரிக்கு விடுமுறை விடச் சொன்னார்கள்.

எங்கள் முதல்வர் மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பெண்மணி. அதிர்ந்து பேச மாட்டார். அன்று நனைந்த சேலையோடு வகுப்பு வாசலில் நின்று சொன்னார்: “பூட்டி வச்ச கட்டடத்துல மழையும் ஒழுகல, பாடமும் நடக்கல. நாளைக்கு எல்லாரும் அங்கன வந்துருங்க.”

போனோம். கரும்பலகை இருந்தது, பெஞ்சு இல்லை. சிமெண்டுத் தரை மழைக் குளிரில் சில்லிட்டுக் கிடந்தது. வீட்டில் திராட்சை ஏற்றும் பிளாஸ்டிக் கிரேடுப் பெட்டிகளை அப்பாவிடம் கேட்டேன். “அறுப்புக்கு நான் எதுல பழம் அடுக்க?” என்று கத்தினார். பிறகு விளிம்பு உடைந்தவற்றைத் தானே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். மற்ற தோட்டங்களிலிருந்தும் வந்தன. கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். அந்தக் கட்டடத்தில் முதலில் நடந்தது விழா அல்ல, வகுப்பு.

கோடை தொடங்கும்போது திறப்பு விழாவுக்குத் தேதி வந்தது. கூடவே ஓர் அதிகாரியும் வந்தார். கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும், கரும்பலகைக்குப் புதுச் சாயம் அடிக்க வேண்டும், பெண் பிள்ளைகள் பட்டுச் சேலை கட்டிப் பூத்தட்டோடு வாசலில் நிற்க வேண்டும் என்றார். அடுத்த மாதம் எங்களுக்குத் தேர்வு. முதல்வர் வாதாடவில்லை. “பிள்ளைககிட்ட நீங்களே சொல்லிருங்க சார்” என்று எங்கள் வகுப்புக்கே அழைத்து வந்துவிட்டார்.

லோயர் கேம்ப் ஊரிலிருந்து வரும் தோழி எழுந்தாள். “திறக்காத கட்டடத்துல நாங்க எப்பிடி சார் படிச்சுக்கிட்டிருக்கோம்?”

“அதை யாரும் கேக்கக் கூடாதுன்னுதாம்மா காலி பண்ணச் சொல்றேன்.”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் எழுந்தேன்.

“நாங்க போக மாட்டோம் சார். ரிப்பனை வாசல்ல கட்டிக்கிருங்க. உள்ள பாடம் நடக்கும்.”

“டிசியைக் கிழிச்சுக் குடுத்துருவாக, தெரியும்ல?”

“குடுக்கட்டும். என்ன காரணம்னு எழுதுவாக? வகுப்புக்கு வந்தான்னா?”

அவர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் சாக்பீஸை எடுத்துக் கணித ஆசிரியரிடம் நீட்டினார்.

விழா அன்று வெளியே மேளம் அடித்தது. ஒருவரும் பட்டு கட்டவில்லை. ரிப்பனை வெட்டி உள்ளே வந்த விருந்தினர் எங்கள் வகுப்பு வாசலில் நின்றுவிட்டார். கிரேடுகளின் மேல் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள். பலகையில் பாதி முடிந்த கணக்கு.

“எப்பம்மா வந்தீங்க இங்க?”

அதிகாரி கண்ணால் கெஞ்சினார். “ஐப்பசியிலயே வந்துட்டோம் ஐயா” என்றேன்.

விருந்தினர் அதிகாரி பக்கம் திரும்பி, “பெஞ்சு எங்க?” என்று மட்டும் கேட்டார். பெஞ்சுகள் அந்த மாதமே வந்தன. கணினிகளும் வந்தன. முதல்வருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அடுத்து, கடலோரத்தில் எங்கோ ஓர் ஊருக்கு மாற்றல் உத்தரவு. நாங்கள் வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டோம். அவர் பையோடு வெளியே வந்து, “வெயில்ல உக்காராதீக, தேர்வு இருக்கு” என்று சொல்லிவிட்டு மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டார். அவரைத் திருப்பிக் கொண்டுவர எங்களால் முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

கட்டடத்தில் பதித்த கல்வெட்டில் விழா நாள்தான் இருக்கிறது. கல்லூரியின் வரலாறு என்று அதைத்தான் சொல்கிறார்கள். இருக்கட்டும். இன்று அங்கே முதுகலை இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, தோட்டக் கூலிக்குப் போகிறவர்களின் பெண்கள் வேதியியல் படிக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு நேர்காணலுக்குப் போனபோது ஒரு பேராசிரியர் என் சான்றிதழைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். “அந்தக் காலேஜா? அங்க என்னம்மா வசதி இருக்கும்?”

“ஒண்ணும் இருக்காது சார்,” என்றேன். “நீங்க கணக்கைக் கேளுங்க.”

கேட்டார். போட்டேன். இன்னொன்று கேட்டார். அதையும் போட்டேன்.