காட்டுக்கு முன் ஓர் ஒத்திகை

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். புனேயில், தாபோடிப் பகுதியில் நான் நடத்தும் சாரணியர் குழுவைச் சஹ்யாத்ரி மலைக்காட்டுக்குள் இரண்டு இரவு கூட்டிப்போவதென்று முடிவானதிலிருந்து வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு எல்லாவற்றையும் பெண்களே முதுகில் சுமந்து நடக்க வேண்டும். கடைசி ஊரைத் தாண்டினால் போனில் சிக்னல் கிடையாது.

பாறை இடுக்குகளில் மலைத்தேனீ இருக்குமே என்று, தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது, பூ கூடாது, சென்ட் கூடாது என்று சொல்லிவைத்தேன். மேலே சுனையில் தண்ணீர் இருக்கிறதா என்று அந்த ஊர்க்காரர் ஒருவருக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தேன். "ஆஹே தாயி, ஆஹே" என்பார் பொறுமையாக. இருக்கிறதாம். போனை வைத்த கையோடு, நாம் போகிற அன்றைக்கும் இருக்குமா என்று சந்தேகம் வந்துவிடும். "மராட்டாப் படைகூட இவ்ளோ யோசிச்சுக் கிளம்பியிருக்காது" என்றார் என் கணவர். "அவங்க அம்மாக்களுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கல" என்று கத்தினேன். அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

உண்மையில் தேனீயும் தண்ணீரும் சும்மா. நான் பயந்தது ஒரு பெண்ணை நினைத்து. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னாலும் தானே ஊசி போட்டுக்கொள்வாள். அப்பாவுக்குக் கட்கியில் தொழிற்சாலை வேலை. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். அம்மா வீட்டில் ரவிக்கை தைக்கிறார். குழுவில் இவளைப்போல் முடிச்சுப் போட, திசை பார்க்க ஆள் கிடையாது, அதனால் ஓர் அணிக்கு அவளைத் தலைவியாக்கியிருந்தேன். பள்ளிச் சுற்றுலா எதற்கும் அவளை யாரும் அனுப்பியதில்லை. இந்தக் காட்டுக்கு மட்டும் போயே தீருவேன் என்று நின்றாள். அவள் அம்மாவோ, "நீங்க சொன்னா அனுப்பறேன் டீச்சர்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

சரி, முதலில் முழுச் சுமையோடு ஓர் ஒத்திகை நடக்கட்டும் என்று ஊரை ஒட்டியுள்ள பாணேர் குன்றுக்கு ஒரு நாள் வைத்தேன். மகாசிவராத்திரி விடுமுறை. எங்கள் வீட்டில் சிவராத்திரி என்றால் பெரியவர்கள் ராத்திரி கண் விழிப்பார்கள், அவ்வளவுதான். புனேயிலேயே பிறந்து வளர்ந்தும், இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் பகலெல்லாம் உபவாசம் இருப்பார்கள் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

குன்றின் மேல் ஏறி அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் தெரிந்தது. அவளுடைய அணியில் பாதிப் பேர் உப்புமாவைத் தொட மாட்டார்களாம். உபவாசத்துக்கு ஆகும் என்று ஊறவைத்த ஜவ்வரிசியும் நிலக்கடலைப் பொடியும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். சுமை குறைய வேண்டும் என்று அணிக்கு ஒரே பாத்திரம் என்பது என் உத்தரவு. ஆகவே முதலில் உபவாசக்காரர்களின் ஜவ்வரிசிக் கிச்சடி, பிறகு பாத்திரத்தைக் கழுவி உப்புமா. தலைவி கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்பதும் நான் போட்ட சட்டம்தான். காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து எரிந்தது. ஜவ்வரிசி அடியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவள் சாப்பாடு இதோ ஆகிவிடும் என்று நம்பி முன்னாலேயே ஊசி போட்டுவிட்டிருந்தாள். ஊசி போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும்.

நான் அந்தப் பக்கம் யாரையோ பை வார் தொங்குகிறது என்று திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், எனக்கு சுகர் இறங்குது" என்றாள், பஸ் வருகிறது என்று சொல்வதுபோல. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. என் இடுப்புப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது. எடுத்தேன், பிரிக்க முடியவில்லை. அவளே வாங்கிப் பல்லால் கிழித்து, வாயில் கொட்டிக்கொண்டு, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

உபவாசக்காரப் பெண்ணொருத்தி அழுதேவிட்டாள். "பாகல், ஹமாரா கிச்சடி கா லேதீ நா!" எங்கள் கிச்சடியைச் சாப்பிட்டிருக்கலாமே, பைத்தியம் என்று. "லீடர் கடைசிலதான்" என்றாள் இவள். கொஞ்ச நேரத்தில் விரலைக் குத்திச் சோதித்து, சரியாகிவிட்டது என்று கருவியை என்னிடம் காட்டினாள். பிஸ்கட்டும் உப்புமாவும் சாப்பிட்டு, தன் சுமையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள். இவளைக் காட்டுக்குக் கூட்டிப்போவதில்லை என்று இறங்கும்போதே நான் முடிவு செய்துவிட்டேன்.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். 'அப்படின்னா வேண்டாம் டீச்சர்' என்று அவர் வாயால் வந்துவிட்டால் எனக்கு நிம்மதி. வரவில்லை.

"நீங்களே சொல்லிடுங்க டீச்சர். வேணாம்னா வேணாம்."

"பெத்தவங்க நீங்க. நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு இன்னா தெரியும், நீங்க படிச்சவங்க."

உள்ளேயிருந்து அவள் தட்டோடு வந்து நின்றாள். "உங்க ரெண்டு பேருக்குமே நோ சொல்லத்தான் ஆசை. யார் சொல்றதுன்னுதான் ஜகடா, சண்டை. நான் மயங்கி விழுந்தேனா? நானே வந்து சொன்னேன். பாக்கெட்டும் நானே கிழிச்சேன். நடுங்கினது உங்க கை டீச்சர்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன வாய் இது என்று திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருந்தாள். கோளாறு என் பாத்திரத்திலும் என் சட்டத்திலும்தான் இருந்தது.

"இனிமே அணிக்கு ரெண்டு பாத்திரம்" என்றேன் விறைப்பாக. "தட்டு கைக்கு வந்தப்புறம்தான் ஊசி. மொத ஆளா நீ சாப்பிடணும். எல்லாப் பொண்ணுங்க பையிலயும் குளுக்கோஸ் இருக்கும், உனக்கு என்ன பண்ணணும்னு எல்லாருக்கும் நீயே சொல்லித்தரணும்."

"அப்ப நான் வரேனா?"

"வா" என்றேன். சொன்ன மறுகணமே திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. அவள் தட்டோடு உள்ளே ஓடி, யாருக்கோ போனில் மராத்தியில் கத்திச் சொல்வது கேட்டது.

அம்மா என்னோடு வாசல்வரை வந்தார். வழியனுப்பத்தான் வருகிறார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டப்போன என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறு வயசுலேர்ந்து ராவுல எழுந்து எழுந்து அவளுக்கு மூச்சு வருதான்னு பாத்துக்கினு இருக்கேன் டீச்சர். ஒரு ராவுகூட விட்டதில்ல. அந்த ரெண்டு ராத்திரி நீங்க பாத்துக்கோங்க" என்றார். "நான் தூங்கிக்கறேன்."