பெண்கள் பக்கத்துக் கதவு

மேற்குச் சுவரின் பழைய பூச்சைத் தட்டிக்கொண்டிருந்தபோது செங்கலுக்கு நடுவே, எப்போதோ அடைக்கப்பட்ட கதவு ஒன்றின் மரச்சட்டம் தெரிந்தது. கள்ளக்குறிச்சியில் பல வருடங்களாக மூடிக்கிடந்த தியேட்டர் அது. அதன் பழைய முகம் மாறாமல் புதுப்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. பழைய கட்டடங்களில் எதைக் காப்பது, எதை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் அழகை வைத்தே முடிவு செய்துவந்தேன். அந்தச் சட்டத்தில் அழகு எதுவும் இல்லை. ஏசி குழாய்களும் அந்தச் சுவரில்தான் வர வேண்டியிருந்தன. சட்டத்தைப் பெயர்த்துவிட்டு அடைத்துவிடும்படி கொத்தனாரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி வந்தார். அதே ஊரில் கருணாபுரம் பகுதிக்காரர். எங்களிடம் சித்தாள் வேலை செய்த மகள் சொல்லித்தான் விஷயம் தெரிந்ததாம். ஒரு காலத்தில் அங்கே பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழித்தவர். கேட்டில் நிற்கும் அக்கா என்பதால் 'கேட்டக்கா' என்பார்களாம், பிறகு நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"அந்தக் கதவ அடைச்சிடாதீங்க சார்" என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். டிக்கெட் இல்லாதவர்கள் புகுந்துவிடுகிறார்கள் என்று, படம் தொடங்கியதும் அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டச் சொல்லியிருந்தார் அப்போதைய முதலாளி. ஒரு மதியக் காட்சியில் திரைக்கு அருகே ஒயர் எரிந்து அரங்கமெல்லாம் புகை.

"உள்ள இருந்து கதவ இடிச்சிக்கினே இருக்காங்க. சாவிய முந்தானையில முடிஞ்சி வச்சிருந்தேன். அவசரத்துல முடிச்ச அவுக்கவே முடியல. தொறந்தப்ப ஒரு பொண்ணு கீழ கெடந்துச்சி. அது மேல ஏறித்தான் எல்லாரும் வெளிய வந்தாங்க."

உயிர்ச்சேதம் இல்லை. இடுப்பெலும்பு முறிந்த அந்தப் பெண் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். அதன்பின் யார் சொல்லியும் கேட்டக்கா கதவைப் பூட்டவில்லை. முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். கதவையும் செங்கல் வைத்து அடைத்தார்.

"பூட்டச் சொன்னது அவர்தானே?" என்றேன்.

"பூட்டுனது நானுங்களே."

அன்றே வரைபடத்தைத் திருத்தினேன். குழாய்கள் கிழக்குப் பக்கம் போயின. மேற்கே, உள்ளிருந்து தள்ளினால் வெளிப்புறம் திறக்கும் கதவொன்றை வைத்தோம். பூட்டு மாட்ட வளையம் கிடையாது. இப்போதைய உரிமையாளர் முகம் சுளித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

திறப்பு நாளன்று கேட்டக்கா தனியாக வரவில்லை. கைத்தடி ஊன்றிய ஒருவரைத் தோளணைத்து அழைத்து வந்தார்.

"அந்தப் பொண்ணுதாங்க" என்றார். "அன்னிக்கிப் பாதிதான் பாத்துச்சி. அதுக்கப்புறம் தியேட்டர் பக்கமே வர்ல. இன்னிக்கி ஒரு படத்த முழுசா பாக்கட்டும்."

கதவோரம் இரண்டு இடம் ஒதுக்கியிருந்தேன். அவர்கள் அதை வேண்டாமென்று நடுவரிசையில் போய் உட்கார்ந்தார்கள். இடைவேளையில்கூட எழுந்திருக்கவில்லை.