உள்ளே ஓடியவளும் வெளியே ஓடியவளும்

ஸ்டெல்லா போய்விட்டாள் என்ற செய்தி தொலைபேசியில் வந்தது. டொராண்டோவில் அப்போது சனிக்கிழமை முற்பகல். நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவளுடைய தம்பி அந்தோணிதான் பேசினான். "வாசுக்கா, அக்கா போயிட்டாங்க" என்றான். வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். சுற்றி அத்தனை டாக்டர்கள் இருந்தும் எழுந்திருக்கவில்லையாம். அதற்கு மேல் அவன் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வாசலுக்கு வெளியே, பனியில், வெறுங்காலுடன் நின்றுகொண்டிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து, வீட்டில் தீ ஏதும் பிடித்துவிட்டதா என்று கேட்டார்.

எங்களோடு பெங்களூரில் பிசியோதெரபி படித்த உங்களுக்கு ஸ்டெல்லாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடைசி வரிசை, பெரிய குரல், யாருக்கும் அடங்காத வாய். எலும்புகளின் பெயர்களைப் பாட்டு மெட்டில் மனப்பாடம் செய்து, பரீட்சையில் மெட்டு மட்டும் நினைவிருக்கிறது என்று சிரித்தவள். அவள் ஏன் நல்ல வீட்டை விட்டுவிட்டு என்னோடு அந்தத் தகரப் பட்டறையின் மாடிக்குக் குடிவந்தாள் என்று நீங்கள் அப்போது கேட்டீர்கள். நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர் விசாவில் வந்தபோது, ஸ்ரீபெரும்புதூர்க் குண்டுவெடிப்பு நடந்து ஓராண்டு போலத்தான் ஆகியிருந்தது. அந்த வழக்கில் தேடப்பட்டவர்கள் கடைசியாக ஒளிந்திருந்தது பெங்களூரின் ஒரு வாடகை வீட்டில். ஆகவே 'சிலோன்' என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டுக்காரர்களின் கதவு சாத்திக்கொள்ளும். என்னிடம் பாஸ்போர்ட், விசா, போலீசில் பதிந்த சான்று எல்லாம் சரியாக இருந்தன. யாரும் அவற்றை வாங்கிப் பார்க்கும் அளவுக்குப் பேச்சு நீண்டதில்லை. இடம் கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். திரும்பிப் போக எனக்கு இருந்த ஊரோ குண்டு விழுந்துகொண்டிருந்த ஊர்.

ஒரே வகுப்பில் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்த பழக்கத்தில் ஸ்டெல்லா என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். கோலார் தங்கவயல்காரியான அவள், ஜீவனஹள்ளியில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தாள். வீட்டுக்கார அம்மாவும் தங்கவயல்தான். கணவர் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்று, இங்கே வந்து தங்கி, பிறகு இறந்துபோனவர். அந்த அம்மாவிடம் என்னைத் தன் சித்தி மகள் என்றாள் ஸ்டெல்லா. ரொம்பக் கூச்சப்படும், அதிகம் பேசாது என்றும் சேர்த்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் என் ஊர் தெரிந்துவிடுமே. தலையாட்டியும் சிரித்தும் சில மாதங்களை ஓட்டினேன். வாயாடி என்று ஊரில் பெயர் எடுத்தவள் நான். அது எனக்குப் பெரிய தண்டனை.

ஒரு விடுமுறை நாள் பகலில், பக்கத்து மனையில் லாரியிலிருந்து கருங்கல்லைக் கொட்டினார்கள். வீடு அதிர்ந்தது. நினைவு வந்தபோது நான் கட்டிலுக்கு அடியில், காதைப் பொத்தியபடி குப்புறக் கிடந்தேன். ஸ்டெல்லாவைக் காணவில்லை. வெளியே வந்து பார்த்தால், ஈரத் தலையோடு, செருப்பில்லாமல், தெரு நடுவில் நிற்கிறாள். முகம் செத்துப்போயிருந்தது. என் சட்டையெல்லாம் ஒட்டடை. ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவள்தான் சிரித்தாள்.

எங்கள் ஊரில் விமானச் சத்தம் கேட்டால் நிலத்தில் வெட்டிய பங்கருக்குள் இறங்குவோம் என்றேன். அவள் தங்கவயலைப் பற்றிச் சொன்னாள். ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் குலுங்கும். உடனே பெண்கள் எல்லாரும் தெருவுக்கு ஓடிவந்து நிற்பார்கள். சுரங்கத்திலிருந்து ஆள் வரும். யார் வாசலில் அவன் நிற்கிறானோ அந்த வீட்டில் சாவு. வீட்டுக்குள் இருப்பவளைத் தேடித்தான் கெட்ட சேதி வரும், வெளியே நிற்பவளிடம் வராது என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. ஸ்டெல்லாவின் அப்பா இறந்த அன்று அவளுடைய அம்மா, கைக்குழந்தை அந்தோணியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால் வெளியே ஓடவில்லையாம்.

"சோப்பு நுரையோட புள்ளைய வுட்டுட்டு எப்டிடி ஓடுவா? ஆனா எங்கம்மா இன்னிக்கும் அதையே சொல்லி அழுவும்" என்றாள். அதை நம்புகிறாயா என்று கேட்டேன். "நான் நம்பலடி. என் காலு நம்புது."

அன்றிலிருந்து எங்களுக்குள் அது ஒரு கேலியாயிற்று. சத்தம் கேட்டால் நீ கீழே போ, நான் வெளியே போகிறேன், யாராவது ஒருத்தி மிஞ்சினால் பரீட்சை எழுதலாம் என்பாள்.

கேலி நீடிக்கவில்லை. விமானத் தொழிற்சாலையின் போர் விமானங்கள் சில நாட்களில் அந்தப் பக்கம் தாழப் பறக்கும். ஒரு மாலை, வீட்டுக்கார அம்மா மீன் குழம்புக் கிண்ணத்தோடு எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று தலைக்கு மேலே போயிற்று. நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். அடுத்த கணம் ஸ்டெல்லாவும் என் பக்கத்தில் வந்து விழுந்தாள். அவள் கால் வாசலுக்குத்தான் இழுத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னைக் காப்பாற்ற அதை அடக்கிக்கொண்டு உள்ளே வந்திருந்தாள். சுரங்கத்து ஊரில் பிறந்த பயம், ரெண்டு பேருக்கும் இப்படித்தான் என்று கீழே இருந்தபடியே அளந்தாள்.

வீட்டுக்கார அம்மா எழுந்திருக்கவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"நான் எத்தனையோ தடவ தெருவுல போய் நின்னவ. சுரங்கத்து வூட்டுப் பொண்ணு எவளும் உள்ள பூர மாட்டா. இந்தப் பொண்ணு எந்த ஊரு, ஸ்டெல்லா?"

நான்தான் பதில் சொன்னேன். அந்த அம்மாவிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் "நான் யாழ்ப்பாணம் அம்மா" என்பது. அவர் கத்தவில்லை. அழுதார். போலீஸ் வந்து கேட்டால் தனியாக இருக்கும் தான் என்ன செய்வது என்றார். மாத முடிவுக்குள் நான் மட்டும் போய்விட வேண்டும், ஸ்டெல்லா இருக்கலாம் என்றார். அவரிடம் எனக்கு இன்றுவரை கோபமில்லை. பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லா பெட்டியை எடுத்து மடமடவென்று துணிகளை அடைக்கத் தொடங்கினாள். "நீ ஏன் வாறாய்? நீ இரு" என்றேன். பொய் சொன்னது அவள், வீட்டை விட்டுப் போவது நானா என்று என்மேல் பாய்ந்தாள். அந்த வாரம் முழுக்க எரிச்சலாகவே இருந்தாள். தியாகம் செய்கிறவர்களின் சாந்தமெல்லாம் அவளிடம் கிடையாது.

பிறகு வீடு தேடி ஏறிய படிகளில் எல்லாம் அவளே முந்திக்கொண்டு உண்மையைச் சொன்னாள். "இவ யாழ்ப்பாணம். போலீஸ்ல பதிஞ்சிருக்கா. இஷ்டம்னா குடுங்க, இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க." பல கதவுகள் சாத்தின. கடைசியில் தகரப் பட்டறை வைத்திருந்த ஒரு பாய், அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "குழாய்ல தண்ணி காலைல மட்டும்தான் வரும்மா" என்றார். அவ்வளவுதான். வீடு கிடைத்துவிட்டது.

கீழே நாள் முழுதும் சுத்தியல் அடிக்கும் சத்தம். எங்கள் இருவருக்குமே அதைவிடப் பொருத்தமில்லாத இடம் உலகத்தில் இருந்திருக்காது. ஆரம்பத்தில் நான் கட்டிலுக்கும் அவள் படிக்கட்டுக்குமாக ஓடிக் களைத்தோம். மெல்ல மெல்லக் கால்கள் அடங்கின. அந்தச் சத்தத்தின் மேல்தான் நாங்கள் படித்தோம், சமைத்தோம், சண்டை போட்டோம், தேறினோம். என் வாயும் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

படிப்பு முடிந்து நான் கனடா வந்தேன். அவள் வைட்ஃபீல்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் போய்வந்தாள். சுரங்கம் மூடிய பிறகும் அவளுடைய அம்மா ஊரைவிட்டு வர மறுத்துவிட்டார். இனிமேல் நிலம் குலுங்காதே, அம்மாவுக்குப் பயம் போயிற்றா என்று ஒருமுறை கேட்டேன். "குலுங்காம இருந்தா மட்டும் சேதி வராதா? இன்னும் சாயங்காலமானா வாசல்லதான் நிக்குது" என்றாள். அவள் போன அன்று, அம்மா எங்கே நின்றார் என்று அந்தோணியிடம் கேட்கத் துணிவில்லை எனக்கு. பிறகு கேட்டேன். சேதி வந்தபோதும் அம்மா வாசலில்தான் நின்றிருந்தாராம்.

ஆகவே அந்த நம்பிக்கையில் ஒன்றுமில்லை. எனக்கு நன்றாகவே தெரியும். வாழ்நாள் முழுக்கச் சத்தம் கேட்டால் உள்ளே பதுங்கியவள் நான். ஆனால் அந்தோணி சொன்ன அந்த நொடியில் என் கால்கள் கட்டிலைத் தேடவில்லை. வெளியே ஓடின. என் உடம்பில் ஸ்டெல்லா மிச்சம் வைத்துப்போனது அதுதான்.

இப்போதெல்லாம் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தால் உள்ளே நின்று எடுப்பதில்லை. போனைக் கையில் பிடித்தபடி வாசலுக்குப் போய்விடுகிறேன். குளிரில் என்னம்மா இது என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். நான் நம்பவில்லை, என் கால் நம்புகிறது என்று அவர்களுக்குச் சொல்கிறேன்.