சம்பந்தி கொண்டுவந்த வால்நட் சாக்கு

எங்கள் ஊர் மார்ட்விலியில் குலிக்கோ அத்தையின் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை, பெயர் சொன்னால் போதும். இருபது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் இலை தரம் பிரித்தவள். தொழிற்சாலை மூடியதும், அதே வாரம் வீட்டு அடுப்பைப் பெரிதாகக் கட்டிச் சமைத்து விற்க ஆரம்பித்தாள். முதலில் பாலாடைக்கட்டி அடைத்த ரொட்டி, பிறகு திராட்சைச் சாற்றில் சோளமாவு சேர்த்துக் கிண்டிய களி, பிறகு சத்சிவி. வேகவைத்த வான்கோழியை அரைத்த வால்நட் குழம்பில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் குளிர்ந்தபடியே பரிமாறும் அந்தப் பண்டத்துக்காகப் புத்தாண்டு சமயத்தில் பாதி ஊர் பாத்திரத்தோடு அவள் வாசலில் நிற்கும்.

ஆறு வருடம் கப்பல் சமையலறைகளில் வேலை பார்த்துவிட்டு, என் நாடு ஜார்ஜியா என்றதும் அமெரிக்காவில் எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய், நான் திரும்பி வந்த நவம்பரில் அத்தை மகள் தெக்லாவுக்கு நிச்சயதார்த்தம். நாற்பது பேருக்கு விருந்து. மாப்பிள்ளை வாஜா ராச்சா மலைப்பக்கத்துப் பையன். முதல்நாள் காலையிலேயே அவனும் அவன் அம்மா லமாராவும் வந்துவிட்டார்கள். காரிலிருந்து ஒரு சாக்கை இறக்கினார்கள்.

“எங்க வீட்டு மரத்துக் கொட்டை,” என்றாள் லமாரா. ராச்சாக்காரர்கள் பேசினால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு டீ குடிக்கலாம். “என் மாமனார் வெச்ச மரம். நாளைக்கு சத்சிவி இதுலதான் செய்யணும். ரெண்டு வீடும் ஒரே பாத்திரத்துல சேரட்டும்.”

“சேரட்டும் சம்பந்தியம்மா,” என்றாள் அத்தை.

தெக்லாவும் நானும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கொட்டைகளை உடைத்தோம். வான்கோழி ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தது. அத்தை ஒரு பருப்பை எடுத்துக் கடித்தாள். உடனே உள்ளங்கையில் துப்பினாள். சாக்கின் அடியில் கைவிட்டு இன்னொன்றை எடுத்து உடைத்தாள். அதையும் துப்பினாள்.

“காறுது,” என்றாள்.

நானும் கடித்துப் பார்த்தேன். தொண்டை எரிந்தது. சிக்கு வாடை.

“வெந்தயம், பூண்டு கூடப் போட்டா அமுங்கிராதா?” என்றேன்.

“நாலு கொட்டை காறினாலே நாப்பது தட்டும் காறும். கப்பல்ல என்னடி கத்துக்கிட்ட நீ?”

“அப்போ பேசாம நம்ம கொட்டையப் போட்டுருவோம். அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போட்டுரலாம். நாளைக்கு அந்தம்மா எழுந்திரிச்சு, எங்க மரத்துக் கொட்டைன்னு சொல்லும். எல்லாரும் ஆகா ஓகோன்னு சொல்லுவாங்க. நானும் தலையாட்டணும். அப்புறம் இவ அந்த வீட்டுக்குப் போய் காலம் பூரா தலையாட்டணும்.”

தெக்லா அம்மாவின் கையைப் பிடித்தாள். “அம்மா, உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன். அவங்க மாமனார் மரம்மா. நீ எதாவது சொன்னா இப்பவே கார்ல ஏறிடுவாங்க. நான் ஆட்டிக்கறேன் தலைய, எனக்கு ஒண்ணும் வலிக்காது.”

“இப்ப வலிக்காது,” என்றாள் அத்தை. என்னிடம் திரும்பினாள். “போய் சம்பந்தியம்மாவக் கூப்பிடு.”

முற்றத்தில் ஆண்கள் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். லமாரா நாற்காலியில் அமர்ந்து அவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவளிடம் அத்தை சுற்றிவளைக்கவில்லை.

“சம்பந்தியம்மா, இந்தக் கொட்டை காறுது. இதுல செஞ்சா நாளைக்கு உங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்.”

லமாரா அசையவில்லை. “எங்க மரத்துல காறல் வராது.”

“மரத்தச் சொல்லல. கொட்டையச் சொல்றேன். நீங்களே சாப்பிட்டுப் பாருங்க.”

லமாரா தட்டிலிருந்து ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டாள். எங்கள் மூவரையும் பார்த்தபடியே மென்று விழுங்கினாள். இரண்டாவதையும் விழுங்கினாள். தெக்லா என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். மூன்றாவது பருப்பை லமாரா விழுங்கவில்லை. ஜன்னலுக்குப் போய்க் கோழிகளின் பக்கம் துப்பினாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து, மலைவீட்டிலிருந்த கணவனை அழைத்தாள்.

“எந்தச் சாக்க எடுத்துக் குடுத்த? பரண் மேல, எந்த மூலைல? அது போன வருஷத்துதுகூட இல்லய்யா, அதுக்கு முந்தின வருஷம். எலி தொடாம விட்டப்பவே உனக்குப் புரிஞ்சிருக்க வேண்டாமா?”

அவ்வளவு வேகமாக ஒரு ராச்சாக்காரி பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பக்கம் பதில் முடிவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

“மரம் நல்ல மரம்தான்,” என்றாள், தாழ்ந்த குரலில்.

“அதுல என்ன சந்தேகம். அடுத்த வருஷம் புதுசு கொண்டாங்க, முதல் பிடிய நானே அரைக்கிறேன்,” என்றாள் அத்தை. அலமாரியிலிருந்து தன் கொட்டைகளை இறக்கினாள். கூடவே ஒரு ஏப்ரனும் எடுத்து லமாராவிடம் நீட்டினாள். “ரெண்டு வீடும் சேரணும்னு சொன்னீங்கல்ல. கை கழுவிட்டு வாங்க.”

கைமா மெஷினில் இரண்டு முறை அரைத்த விழுதில் பூண்டு, மல்லித்தூள், உலர்ந்த துலுக்கச் சாமந்திப் பொடி எல்லாம் விழுந்தன. லமாரா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பிசைய ஆரம்பித்தாள். அவளுக்கு நல்ல வலுவான கை. கால் மணி நேரத்தில் விரலிடுக்கில் மஞ்சள் எண்ணெய் கசிந்தது.

“நான் பிசைஞ்சா இன்னும் பத்து நிமிஷம் ஆகும்,” என்று அத்தை ஒப்புக்கொண்டாள்.

“மலைல பசு மாடு கறக்கறவ கை,” என்றாள் லமாரா. முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு, குனிந்து எண்ணெயைக் கரண்டியில் வழித்துக்கொண்டிருந்த தெக்லாவைப் பார்த்தாள். “உங்கம்மா மாதிரிதான் நீயும் மூஞ்சிக்கு நேரா சொல்லுவியா?”

தெக்லா நிமிர்ந்தாள். “இனிமே சொல்லுவேன்.”

“சொல்லு. என் வீட்டுக்காரருக்கு முதல்ல சொல்லு.”

வான்கோழி வெந்த சூப்பை ஊற்றி விழுதைக் கரைத்து, வான்கோழித் துண்டுகளின் மேல் கொட்டினார்கள். தெக்லா வழித்து வைத்திருந்த எண்ணெயை மேலே வட்டமாக ஊற்றினாள். இத்தனை வருடத்தில் தன் பாத்திரத்துக்கு உப்பு பார்க்க அத்தை யாரையும் விட்டதில்லை. இப்போது கரண்டியை லமாராவிடம் கொடுத்தாள்.

லமாரா நக்கிப் பார்த்தாள். யோசித்தாள். நாங்கள் காத்திருந்தோம்.

“இன்னும் கொஞ்சம் போடலாம்.”

“மலைக்காரங்க நாக்கு, உப்பு கேக்கத்தான் செய்யும்,” என்று சொல்லிக்கொண்டே அத்தை ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள்.