பன்னிரண்டு வாளிகள்

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் குடும்பக் கட்டுப்பாட்டு விழா எது நடந்தாலும் படம் எடுக்க போட்டோ ஸ்டுடியோ அண்ணாச்சிதான் வருவார். நரைத்த கிருதா, வெளுத்த சஃபாரி சட்டை. அதிகாரி என்றால் அவருக்குத் துளிகூடப் பயம் கிடையாது. "மூச்சு விடாதீய" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் நிதானமாக லென்ஸைத் துடைப்பார். ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய டாக்டர்கள் முகம் சிவக்க மூச்சடக்கி நிற்பார்கள்.

ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களுக்கு மேடையில் அதிகாரி பிளாஸ்டிக் வாளி கொடுப்பார். அந்தப் படங்களை அறிக்கையில் ஒட்டும் குமாஸ்தா நான். ஒருமுறை பன்னிரண்டு படம் வந்தது. பன்னிரண்டிலும் அதிகாரியின் பல்வரிசை பளிச்சென்று இருந்தது. வாளி வாங்கியவர்களின் முகம் மட்டும் வாளிக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"என்ன அண்ணாச்சி, ஒருத்தன் மூஞ்சியும் தெரியலியே?"

"நான்தான் வாளிய உசத்திப் பிடிக்கச் சொன்னேன். அவன் நாளைக்குக் குருவிகுளம் பஸ்ல ஏறணும் வே. உள்ள இருக்கவன் பூரா சிரிப்பான். ஒம்ம அதிகாரிக்கு என்ன, மாத்தலாகிப் போயிருவாரு."

கிறுக்கு மனுஷன் என்று முனகிக்கொண்டே ஒட்டினேன்.

அடுத்த விழாவுக்கு ஆள் குறைந்தது. மூன்று பிள்ளை பெற்ற குமாஸ்தா ஒருவன் ஆபீசிலேயே இருப்பது அதிகாரிக்கு நினைவு வந்துவிட்டது. மேடையில் நீல வாளியை வாங்கியதும், யாரும் சொல்லாமலே என் கை அதை முகத்துக்கு நேரே தூக்கியது.

ஃபிளாஷ் மின்னி அடங்கியது. வாளிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் மெதுவாகக் கேட்டது.

"இனி மூச்சு விட்டுக்கிடும் வே."