அகராதியில் இல்லாத அழுத்தம்

இன்று ஈப்போவில் சிலிபின் சாலை முனையில் ஒரு லாரியிலிருந்து புளித்த ரப்பர் மரக் கித்தாப் பாலின் நாற்றம் வீசியதும், இப்போது வீட்டு வரிசைகளாகிவிட்ட எங்கள் தோட்டத்தில் சின்னக் கிராணியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா மேசையைக் குத்துகிற சத்தம் காதில் விழுந்துவிட்டது. ஈப்போ ஆபீஸ் வேலைக்கு வெள்ளைக்காரத் துரை நேர்முகம் வைக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து, பால் உறைவதற்கு ஆங்கிலத்தில் உள்ள நீள வார்த்தையை, "கோ, ஆக், யூ, லே, ஷன்" என்று கறிக்கோழி மாதிரித் துண்டு போட்டு, அகராதி அழுத்தச் சொன்ன 'லே' வரும்போதெல்லாம் ஒரு குத்து விடுவார். நானும் கூடவே குத்த வேண்டும், பிந்தினால் மறுபடி முதலிலிருந்து. அந்த வார்த்தையை இன்றும் தூக்கத்தில்கூடப் பிழையில்லாமல் சொல்வேன், யாரும்தான் கேட்பதில்லை.

"பாலே ஒறைஞ்சு போச்சு, நீங்க இன்னும் சொல்லி முடிக்கல," என்பார் அம்மா.

நேர்முகத்துக்குப் போன அப்பா மத்தியானமே திரும்பிவிட்டார்.

"என்னங்க கேட்டாரு?"

"உள்ளயே போகல. 'வைட்டி லிங்ஹாம்'னு நாலு தடவை கூப்பிட்டாரு. எவனோ வெள்ளைக்காரன்னு நெனைச்சு உக்காந்தே இருந்துட்டேன்."

அப்பாவின் பெயர் வைத்தியலிங்கம்.

அன்றைக்கு மேசையைக் குத்தியது அம்மா.