அழகண்ணன் இருமாத காலை

கால்சட்டை போட்ட எவர் எதிரே வந்தாலும் அழகண்ணன் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வார். தொரையானாலும் சரி, தபால்காரரானாலும் சரி, அவர் பாதை வளைவைத் தாண்டிய பிறகுதான் அழகண்ணனின் தோள் இறங்கும். கலியாணமாகி வட்டகொடைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் வந்த நாள் முதல் இதைப் பார்த்து வருகிறேன். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவுக்கும் அவர்கள் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

அவர் மனைவி அம்மாக்கண்ணு அக்கா ஒரு நாள் பீலிக்கரையில் குடம் நிறையக் காத்திருக்கும்போது அதன் காரணத்தைச் சொன்னாள். இலங்கைக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால், இந்தியக் கரையில் எங்கள் சனங்களை ஒரு காம்பில் அடைத்து வைப்பார்கள். டாக்டர் வந்து வரிசையாகப் பார்ப்பார். சுகமில்லாதவர்களை நிறுத்திக்கொண்டு மற்றவர்களை ஏற்றுவார்கள். அழகண்ணனும் அவர் அண்ணன் மூக்கனும் சேர்ந்து வந்தார்கள். டாக்டர் கிட்டே வந்தபோது மூக்கன் இருமிவிட்டார். அவரை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

“அன்னைக்கிலருந்து டாக்டருன்னா அவருக்கு ஒண்ணுமில்லீங்கதான்” என்றாள் அக்கா. “முள்ளு ஏறி கால் வீங்கினப்பவும் ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லிட்டு வந்த மனுசன்.”

அழகண்ணன் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடிகளைக் கத்தியால் தாழ வெட்டும் அந்த வேலைக்கு நல்ல தோள்பலம் வேண்டும். தேயிலை விலை விழுந்த அந்த வருசம்தான் அவருக்கு இருமல் பிடித்தது. முதலில் பனி என்றார்கள். பிறகு அது போகவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும். கன்னம் ஒட்டிப்போனது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பழுப்பு நிறத்தில் ஒரு மருந்து கொடுத்தார்கள். வயிற்றுவலிக்குப் போன எனக்கும் அதே பழுப்பு மருந்துதான் கிடைத்திருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவர் நாகலிங்கம் ஐயா. மருந்து கலக்கப் படித்தவர். டாக்டர் இல்லை என்று அவரே சொல்வார். ஆனாலும் நாங்கள் டாக்டரய்யா என்றுதான் கூப்பிட்டோம். ஒரு மேசை, ஒரு அலமாரி, இரண்டு கட்டில்கள். அக்கா அவரிடம் போய் அழுதபோது, “பெரிய ஆஸ்பத்திரிக்குத்தாம்மா போகணும். தொரை துண்டுச் சீட்டு குடுத்தாத்தான் அங்க சேப்பாங்க” என்றார். தொரை கொடுக்கவில்லை. விலை விழுந்த காலத்தில் இருமலுக்கெல்லாம் துண்டு கிடையாது என்று சொல்லிவிட்டாராம்.

இப்படியிருக்கும்போது ஒரு நாள் காலை பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற அந்த இடத்தில், கங்காணி சத்தம் போட்டுச் சொன்னார். “கொழும்புலருந்து பெரிய டாக்டர் வர்றாரு. ஆஸ்பத்திரியில மருந்து வாங்குற ஆளுங்க எல்லாம் நாளைக்கு அங்க வந்து நிக்கணும்.”

பக்கத்துத் தோட்டத்தில் அப்போதுதான் வலுவில்லாதவர்கள் பேரை வேலைப் பட்டியலிலிருந்து வெட்டி, குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றியிருந்தார்கள். இது அதற்குத்தான் என்று லயம் முழுவதும் பேச்சு. யாரும் வேறு மாதிரி நினைக்கவில்லை.

அக்கா மட்டும் வாசலில் நின்று அழகண்ணனிடம் கெஞ்சினாள். “பெரிய டாக்டருங்க. நேராச் சொல்லிருவோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே அனுப்புவாரு.”

“அனுப்புவான், கரைக்கு” என்றார் அழகண்ணன். “அங்க நமக்கு யாரு இருக்கா? காணி இருக்கா, வீடு இருக்கா? நீ வாயத் தொறந்தே, பிள்ளைகளோட கப்பல்ல நிப்ப.”

மறுநாள் அக்காவே அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். சவரம் செய்துகொண்டார். நெற்றி நிறையத் திருநீறு. வெளுத்த வேட்டி. எலும்பு தெரியாமலிருக்க உள்ளே இரண்டு சட்டை போட்டு மேலே கோட்டும் மாட்டிவிட்டாள். வாயில் ஒரு துண்டு சுக்கும் பனங்கற்கண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் வேலாயிக் கிழவி வீங்கிய கால்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். அழகண்ணனைப் பார்த்ததும், “யாரு, புது மாப்பிள்ளையா? பொண்ணு எந்த லயத்துல?” என்றாள்.

“ஒன்னையத்தான் கேட்டு வந்தேன் பெரியாயி” என்றார் அவர்.

“போடா. எனக்குப் பரிசம் போட ஒனக்கு ஏலாது.”

எல்லோரும் சிரித்தோம். அப்போது கார் வந்தது. சிரிப்பு நின்றது.

பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்து மனிதர். குரல் மெதுவானது. தொரை கூடவே நின்றார். டாக்டர் அலமாரியைத் திறந்து பார்த்தார், போத்தல்களைத் தூக்கிப் பார்த்தார், கட்டிலைத் தட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் வந்தார்.

“பயப்பிடாதேங்கோ. இஞ்ச மருந்து ஒழுங்காத் தாறவையோ?”

“தர்றாங்க சாமி” என்று வரிசை முழுவதும் ஒரே குரலாகச் சொன்னோம்.

“உங்களுக்கு என்ன வருத்தம், ஆச்சி?”

“ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கேன்” என்றாள் வேலாயிக் கிழவி.

“பின்னை ஏன் ஆஸ்பத்திரிக்கு வந்தனீங்கள்?”

“கங்காணி வரச் சொன்னாருங்க.”

அவர் சிரித்துவிட்டு அழகண்ணனிடம் வந்தார். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். கழுத்தில் கிடந்த குழாயைக் கையில் எடுத்தார். “உமக்கு இருமல் இருக்கோ?”

அழகண்ணன் ஒரு அடி பின்னால் போனார். நெஞ்சு நிமிர்ந்தது. “இல்லீங்க சாமி. இந்தக் கெழவிக்குத் தொணையா வந்தேனுங்க.”

பெரிய டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா வாயைத் திறந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பிள்ளைகள் இரண்டும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. “ஆமாங்க” என்று மட்டும் சொன்னாள்.

அவர் குழாயை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். மழை பிடிக்கப் பார்த்தது. அடுத்த தோட்டத்துக்கும் போகவேண்டும் என்று தொரையிடம் ஏதோ சொல்லிக் கைகொடுத்தார். கார் போயிற்று.

கார் வளைவைத் தாண்டியதும் அழகண்ணன் படியிலேயே குந்தினார். இருமல் வந்தது. கோட்டை விலக்கக்கூட முடியவில்லை. அக்கா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நாகலிங்கம் ஐயா வாசற்படிக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அவரு உங்களப் பாக்க வரலம்மா. என்னயப் பாக்க வந்தாரு. இங்க வைத்தியம் சரியா நடக்குதான்னு பாக்க வந்தாரு.”

யாருக்கும் புரியவில்லை. அவர் அலமாரியைக் காட்டினார். “இதுல பேதி உப்பும் காய்ச்சலுக்குக் கொயினாவும் அந்தக் கஷாயத் தண்ணியும்தான் இருக்கு. மருந்து வேணும், இன்னொரு ஆளு வேணும்னு தொரைகிட்டக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. பெரிய டாக்டரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நடந்திருக்கும். தொரை பக்கத்துல நிக்கிறப்ப நான் எப்படிச் சொல்றது? நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன். யாராவது ஒருத்தர் இருமியிருக்கக் கூடாதா?”

“முன்னாடியே சொல்லப்படாதுங்களா டாக்டரய்யா?” என்றாள் அக்கா.

“கங்காணி காதுல விழுந்தா நான் இங்க இருக்க முடியுமா?” என்றார். உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அழகண்ணன் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

மாசி மாதம் கவ்வாத்து மலையில் ரத்தமாக இருமினார். கத்தியோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாகலிங்கம் ஐயா அன்றே தொரை பங்களாவுக்குப் போய்த் துண்டு கேட்டார். இந்த முறை வற்புறுத்தியே கேட்டாராம். “பெரிய டாக்டர் வந்து பார்த்தார். கடுமையான நோயாளி யாருமில்லை, ஆஸ்பத்திரி ஒழுங்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை வரும்போது காட்டு” என்று தொரை சொல்லிவிட்டார். அக்காவும் போய்ப் பங்களா வாசலில் மத்தியானம் வரை நின்றாள். நாய்க்காரன் வந்து போகச் சொன்னான்.

அழகண்ணன் இப்போது படுக்கையில் இருக்கிறார். வேலைக்குப் போகாததால் பேரை வெட்டிவிட்டார்கள். அக்கா கொழுந்து பறிக்கப் போவதால் காம்பராவை விட்டுவைத்திருக்கிறார்கள். அவள் மலைக்குப் போகும் நேரம் நான் சுவரைத் தட்டி அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொள்வேன். நாகலிங்கம் ஐயா லயத்துக்கே வந்து அந்தப் பழுப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கட்டில் இன்னும் இரண்டுதான். பெரிய டாக்டர் அதற்குப் பிறகு வரவில்லை.